வயநாடு நிலச்சரிவு: எச்சரிக்கை வந்ததா என்ற வாதத்தில் விடுபட்டுப் போன கேள்வி

கேரள மாநிலம் வயநாடு மாவட்டத்தில் உள்ள புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய மலையோரக் குடியிருப்புகளை 2024 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலையில் அடுத்தடுத்து நேர்ந்த நிலச்சரிவுகள் அடித்துச் சென்றன. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலரின் உடல்கள் சாலியாறு வழியாக அண்டை மாவட்டமான மலப்புறம் வரை அடித்துச் செல்லப்பட்டன.

மறுநாளே, சேற்றில் தேடுதல் பணி நடந்துகொண்டிருந்தபோது, தில்லியிலும் திருவனந்தபுரத்திலும் வேறொரு வாதம் தொடங்கிவிட்டது. முன்னெச்சரிக்கை அளிக்கப்பட்டதா? இது இயற்கையின் சீற்றமா, மனிதர்களின் தவறா? காலநிலை மாற்றத்துக்கு இதில் பங்கு உண்டா? இழப்பை ஈடுசெய்யும் பணத்தை யார் தர வேண்டும்?

இந்த நான்கு கேள்விகளும் வயநாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. 2023-இல் இமாசலப் பிரதேசத்திலும், அதே ஆண்டு டிசம்பரில் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலும் இவையே எழுந்தன. இந்தியாவில் தீவிர வானிலை நிகழ்வுகள் அரசியல் வாதமாக மாறும் முறையைப் புரிந்துகொள்ள வயநாடு தெளிவானதொரு சான்று. ஒவ்வொரு தரப்பும் பெரும்பாலும் உண்மையையே கூறியது. ஆனால் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் கூறியது.

நாடாளுமன்றத்தில் எழுந்த முதல் வாதம்

ஜூலை 31-ஆம் தேதி மாநிலங்களவையில் பேசிய மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா, கேரள அரசுக்கு ஜூலை 23 முதலே எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டதாகத் தெரிவித்தார். 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்றும், நிலச்சரிவு நேரக்கூடும் என்றும் ஜூலை 26-ஆம் தேதி தெரிவிக்கப்பட்டதாக அவர் கூறினார். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒன்பது குழுக்கள் முன்கூட்டியே கேரளத்துக்கு அனுப்பப்பட்டதைச் சுட்டிக்காட்டிய அவர், மக்களை மாநில அரசு ஏன் வெளியேற்றவில்லை என்று வினவினார்.

அதே நாளில் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் இதனை மறுத்தார். ஜூலை 29-ஆம் தேதி வயநாட்டுக்கு விடுக்கப்பட்டது ஆரஞ்சு எச்சரிக்கை மட்டுமே. அதன்படி எதிர்பார்க்கப்பட்ட மழை 115 முதல் 204 மில்லிமீட்டர். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் 200 மில்லிமீட்டரும், அடுத்த 24 மணி நேரத்தில் 372 மில்லிமீட்டரும், ஆக 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சிவப்பு எச்சரிக்கை ஜூலை 30 காலை 6 மணிக்கே, அதாவது நிலச்சரிவு நேர்ந்த பிறகே வந்தது என்பது அவருடைய விளக்கம். உள்துறை அமைச்சர் அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று கூறி காங்கிரஸ் உறுப்பினர் ஜெய்ராம் ரமேஷ் உரிமை மீறல் நோட்டீஸ் அளித்தார்.

முதல் பார்வையில் ஒருவர் கூறுவது உண்மையென்றால் மற்றவர் கூறுவது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். எச்சரிக்கை முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் அந்த எண்ணம் மாறும்.

வண்ணங்களின் பொருள் என்ன?

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளின் மழையை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அதி கனமழை. இவற்றையும் நிகழ்வதற்கான வாய்ப்பையும் கருத்தில் கொண்டு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய வண்ணங்கள் அறிவிக்கப்படுகின்றன. மஞ்சள் என்றால் விழிப்புடன் இருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனடியாகச் செயல்படுங்கள்.

ஆரஞ்சு எச்சரிக்கை என்பதே நடவடிக்கைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பு. சிவப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று வானிலை ஆய்வுத் துறைத் தலைமை இயக்குநர் மிருத்யுஞ்ஜய் மொஹாபாத்ரா பின்னர் விளக்கினார். இது மத்திய அரசின் தரப்புக்கு வலுச் சேர்த்தது. ஆயினும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளத்தின் மலை மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்பது அரிய நிகழ்வு அன்று. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம்பெயர்ப்பது நடைமுறையில் இயலாது என்ற மாநில அரசின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

மேலும், எச்சரிக்கை ஒரு மாவட்டம் முழுமைக்கும் விடுக்கப்படுகிறது. நிலச்சரிவோ ஒரு சரிவில், ஓர் ஓடையின் வழியில் நேர்கிறது. வயநாடு மாவட்டத்தின் பரப்பு 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். இஸ்ரோவின் தேசியத் தொலை உணர்வு மையம் எடுத்த செயற்கைக்கோள் படங்களின்படி, சரிந்த நிலத்தின் பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர் மட்டுமே. கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் சரிவு தொடங்கி, பாறையும் மண்ணும் மரங்களும் சுமார் 8 கிலோமீட்டர் தூரம் ஆற்றின் வழியே பாய்ந்து சென்றன. முழு மாவட்டத்துக்கும் பொதுவான ஓர் ஆரஞ்சு வண்ணம், அந்த ஒரு சரிவின் கீழ் வாழ்வோர் இன்றிரவு வெளியேற வேண்டும் என்று தானாகச் சொல்லிவிடாது.

மழையைக் கணிப்பது வேறு, மண்ணைக் கணிப்பது வேறு

மழையை முன்னறிவிப்பது வானிலை ஆய்வுத் துறையின் பணி. நிலச்சரிவை முன்னறிவிப்பது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பணி. அந்நிறுவனம் ஜூலை 30, 31 ஆகிய நாள்களுக்கு வயநாட்டுக்குப் பச்சை நிற அறிவிப்பையே, அதாவது நிலச்சரிவு வாய்ப்பு குறைவு என்பதையே, தெரிவித்திருந்ததாகப் பினராயி விஜயன் கூறினார். சாலியாறு, இருவழிஞ்ஞிப்புழை ஆகிய ஆறுகளுக்கு மத்திய நீர் ஆணையம் வெள்ள எச்சரிக்கை எதனையும் விடுக்கவில்லை என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

இதிலும் ஒரு பின்னணி உண்டு. தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் கொல்கத்தாவில் திறந்து வைக்கப்பட்டதே 2024 ஜூலை 19-ஆம் தேதிதான்; வயநாடு பேரிடருக்குப் பதினொரு நாள்களுக்கு முன்னர். அப்போது மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங், கலிம்போங், தமிழகத்தின் நீலகிரி ஆகிய மாவட்டங்களுக்கு மட்டுமே நடைமுறை அறிவிப்புகள் வழங்கப்பட்டு வந்தன. வயநாட்டுக்கான அறிவிப்பு சோதனை நிலையில் இருந்தது.

ஆக, மழை குறித்த எச்சரிக்கை இருந்தது. மண் குறித்த நம்பகமான எச்சரிக்கை இல்லை. முன்னதைச் சுட்டி மத்திய அரசும், பின்னதைச் சுட்டி மாநில அரசும் பேசின.

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது தகவல் ஒன்றும் இருந்தது. கல்பற்றாவில் இயங்கும் ஹ்யூம் சூழலியல் மையம், வயநாடு முழுவதும் உள்ளூர் மக்களின் உதவியுடன் மழைமானிகளை நிறுவி அன்றாட அளவுகளைத் திரட்டி வருகிறது. முண்டக்கைப் பகுதியில் நிலச்சரிவு அபாயம் இருப்பதாகச் சரிவுக்குப் பல மணி நேரம் முன்பே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாக அம்மையம் பின்னர் கூறியது. இந்தத் தகவல் இரு அரசுகளின் வாதங்களிலும் பெரிய இடம் பெறவில்லை. அது எந்த அரசுக்கும் உரிய எச்சரிக்கை அன்று. எனவே அதன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமையும் யாருக்கும் எழுத்தில் இல்லை.

அந்தப் பகுதியின் கடந்த காலமும் ஓர் எச்சரிக்கையே. 1984 ஜூலையில் முண்டக்கையிலேயே நிலச்சரிவு நேர்ந்து 14 பேர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள புத்துமலையில் 17 பேர் உயிரிழந்தனர். 2024-இல் சரிந்ததும் முன்பு சரிந்த இடத்தை ஒட்டிய பகுதியே என்று இஸ்ரோ படங்கள் காட்டின.

காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு?

மேலைநாடுகள் சிலவற்றில் காலநிலை மாற்றம் உண்மையா என்பதே அரசியல் வாதமாக இருக்கிறது. இந்தியாவில் நிலைமை வேறு. பெரிய கட்சிகள் எதுவும் அதனை மறுப்பதில்லை. மாறாக, பேரிடரின் பொறுப்பை எங்கே வைப்பது என்பதற்கே அச்சொல் பயன்படுகிறது. ஒருவர் காலநிலை மாற்றம் என்று கூறினால், என் கையில் எதுவும் இல்லை என்று பொருள்படக்கூடும். மற்றவர் அதனைத் தவிர்த்தால், உன் கையில்தான் எல்லாம் இருந்தது என்று பொருள்படக்கூடும்.

அறிவியல் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. தீவிர வானிலை நிகழ்வுகளில் புவி வெப்பமாதலின் பங்கைக் கணக்கிடும் 'வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன்' என்னும் பன்னாட்டு அறிவியலாளர் குழு, வயநாடு குறித்த தனது ஆய்வை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. நிலச்சரிவை உண்டாக்கிய ஒரு நாள் பெருமழை, புவி வெப்பமாதலால் சுமார் 10 விழுக்காடு கூடுதல் தீவிரம் அடைந்தது என்று அது மதிப்பிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இத்தகைய மழை மேலும் 4 விழுக்காடு தீவிரமடையும் என்றும் கூறியது. சிறிய மலைப் பகுதிகளின் மழையைக் கணினி மாதிரிகள் துல்லியமாகக் காட்டுவதில்லை என்பதால், இந்த மதிப்பீட்டில் உறுதியின்மை உண்டு என்பதையும் ஆய்வாளர்களே தெரிவித்தனர்.

இதன் அடிப்படை இயற்பியல் எளிது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால், அது சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் ஒரே மூச்சில் இறங்கும்போது பெருமழையாகிறது. அரபிக்கடலின் தென்கிழக்குப் பகுதி வெப்பமடைவதால், மேற்குக் கரையில் முன்பைவிட உயரமான, கனத்த மேகங்கள் உருவாகின்றன என்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூறி வருகின்றனர். நாடு தழுவிய அளவிலும் இதே போக்கு தெரிகிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழையின் மொத்த அளவு சுமார் 6 விழுக்காடு குறைந்தது. ஆனால் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நிகழ்வுகள் 1950 முதல் 2015 வரையிலான காலத்தில் சுமார் 75 விழுக்காடு அதிகரித்தன. மொத்தத்தில் மழை குறைகிறது. பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது.

பத்து விழுக்காடு என்பதை எவ்வாறு பொருள்கொள்வது? காலநிலை மாற்றம் இல்லாதிருந்தால் அன்று வானம் தெளிவாக இருந்திருக்கும் என்பது அதன் பொருள் அன்று. புவி வெப்பமடையாத காலத்திலும் அன்று பெருமழையே பெய்திருக்கும். இரண்டு மாதப் பருவமழையில் ஊறியிருந்த மண்ணின்மீது அந்தக் கூடுதல் நீர் இறங்கியபோது விளைவு பன்மடங்கானது. எனவே காலநிலை மாற்றம் சுமையைக் கூட்டியது. அந்தச் சுமையைச் சரிவு தாங்குமா, அதன் கீழே யார் குடியிருந்தனர், அவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்பவை உள்ளூரில் தீர்மானிக்கப்பட்டவை.

அனைவரும் எதிர்த்த அறிக்கை

மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய மத்திய அரசு 2010-இல் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் குழு அமைத்தது. 2011 ஆகஸ்டில் அளிக்கப்பட்ட அறிக்கை, மலைத்தொடர் முழுவதையும் மூன்று அடுக்குகளாகப் பிரித்து, வெவ்வேறு அளவில் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. பெரும் எதிர்ப்பு எழுந்ததால், கே.கஸ்தூரிரங்கன் தலைமையில் மற்றொரு குழு அமைக்கப்பட்டது. அது 2013-இல் மலைத்தொடரின் 37 விழுக்காட்டை, அதாவது சுமார் 60,000 சதுர கிலோமீட்டரை, சூழல் உணர்திறன் மிக்க பகுதியாக அறிவிக்கப் பரிந்துரைத்தது.

கேரளத்தின் மலை மாவட்டங்களில் அதற்கும் எதிர்ப்பு வலுத்தது. குடியேற்ற விவசாயிகள் நிலத்தை இழக்க நேரிடும் என்று அஞ்சினர். இடதுசாரிகள், காங்கிரஸ் தரப்பினர், கிறித்தவ அமைப்புகள் எனப் பலரும் எதிர்ப்பில் ஒன்றிணைந்தனர். காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்த காங்கிரஸ் மக்களவை உறுப்பினர் பி.டி.தாமசுக்கு 2014 தேர்தலில் இடுக்கி தொகுதியில் மீண்டும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. அரசியலில் இது தெளிவானதொரு பாடமாக அமைந்தது.

மத்திய அரசின் தரப்பிலும் காலதாமதம் குறைவன்று. முதல் வரைவு அறிவிக்கை 2014 மார்ச்சில் வெளியானது. ஒவ்வொரு வரைவும் காலாவதியாக, அடுத்தது வெளியானது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31-ஆம் தேதி, அதாவது வயநாடு பேரிடருக்கு மறுநாள் வெளியிடப்பட்டது. ஆறு மாநிலங்களில் சுமார் 56,800 சதுர கிலோமீட்டர் பரப்பை அது உள்ளடக்கியது; வயநாட்டின் 13 கிராமங்களும் அதில் இடம்பெற்றன. இடைப்பட்ட பத்தாண்டில் மத்தியில் ஆட்சி மாறியது. கேரளத்திலும் ஆட்சி மாறியது. இறுதி அறிவிக்கை மட்டும் வரவில்லை.

இந்நிலையில், ஆகஸ்ட் 5-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ், சட்டவிரோதக் குடியேற்றங்களையும் சுரங்கப் பணிகளையும் கேரள அரசு அனுமதித்ததே பேரிடருக்குக் காரணம் என்று குற்றம் சாட்டினார். பாதிக்கப்பட்டோரை இழிவுபடுத்தும் பேச்சு இது என்று பினராயி விஜயன் பதிலளித்தார். உயிரிழந்தோரில் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தினரும் ஆவர். தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர்கள்.

மாநில அரசும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக நடந்துகொள்ளவில்லை. அறிவியல் நிறுவனங்கள் பேரிடர்ப் பகுதிக்குச் செல்லக் கூடாது, அறிவியலாளர்கள் ஊடகங்களில் கருத்துத் தெரிவிக்கக் கூடாது என்று ஆகஸ்ட் 1-ஆம் தேதி அரசு அதிகாரி ஒருவர் ஆணையிட்டார். கடும் கண்டனம் எழுந்ததும் முதலமைச்சரின் தலையீட்டால் அது திரும்பப் பெறப்பட்டது. மண் ஏன் சரிந்தது என்று கேட்பதே அரசியலாகக் கருதப்பட்ட தருணம் அது.

'தேசியப் பேரிடர்' என்றொரு சொல்

அடுத்த வாதம், பேரிடருக்கு என்ன பெயரிடுவது என்பது. வயநாடு நிலச்சரிவைத் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்று கேரளத்தின் ஆளும் கூட்டணியும் எதிர்க்கட்சிக் கூட்டணியும் ஒரே குரலில் கோரின. நடைமுறை விதிகளில் அவ்வாறு அறிவிக்க வழியே இல்லை என்று மத்திய உள்துறை இணையமைச்சர் நித்யானந்த் ராய் 2024 நவம்பரில் கடிதம் எழுதினார். இதனைக் கண்டித்து இரு கூட்டணிகளும் வயநாட்டில் முழு அடைப்பு நடத்தின.

விதிகளின்படி மத்திய அரசின் பதில் சரியானது. முந்தைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியிலும் 2013-இல் நாடாளுமன்றத்தில் இதே பதில்தான் அளிக்கப்பட்டது. ஆனால் 'கடுமையான தன்மை கொண்ட பேரிடர்' என்றொரு வகைப்பாடு உண்டு. அவ்வாறு வகைப்படுத்தப்பட்டால், மாநில நிதி போதாதபோது தேசியப் பேரிடர் நிதியிலிருந்து கூடுதல் உதவி பெற வழி பிறக்கும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து உதவவும் இயலும். கேரளம் உண்மையில் வேண்டியது இதையே. ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பின், 2024 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு அந்த வகைப்பாட்டை ஏற்றது.

கடன் தள்ளுபடி குறித்த விவாதம் இன்னும் நுட்பமானது. கடுமையான பேரிடர்களில் கடன் திருப்பிச் செலுத்துவதில் நிவாரணம் அளிக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு தேசிய ஆணையத்துக்கு வழங்கியிருந்தது. வீட்டையும் நிலத்தையும் உறவுகளையும் இழந்தவர்களின் வங்கிக் கடன் குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரித்து வந்த காலத்திலேயே, 2025-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. கடனைத் தள்ளுபடி செய்யுமாறு வங்கிகளுக்கு ஆணையிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய அரசு பின்னர் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

பணம் இருக்கிறது, செலவிட இயலாது

மாநிலப் பேரிடர் நிதிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் தருகின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களில் மத்தியப் பங்கு 90 விழுக்காடு. இந்த நிதியில் கேரளத்துக்கு 2024-25-ஆம் ஆண்டு ஒதுக்கீடு 388 கோடி ரூபாய். அதற்கு முன்பே கணக்கில் சுமார் 395 கோடி ரூபாய் இருப்பு இருந்தது என்று மத்திய அரசு கூறியது. கேரளமோ தன்னிடம் வயநாட்டுக்குப் போதிய பணம் இல்லை என்றது.

இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினாலும், முரண் விதிகளில் இருக்கிறது. இந்த நிதியை மத்திய அரசு வகுத்த அளவுகளின்படியே செலவிட இயலும். உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். மலைப் பகுதியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1.30 லட்சம் ரூபாய். வயநாட்டுப் புதிய குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் கொடையாளர்களிடம் மாநில அரசு கோரிய தொகை 20 லட்சம் ரூபாய். மேலும் அந்த இருப்பு வயநாட்டுக்கு மட்டும் உரியதன்று. மாநிலம் முழுவதும் ஆண்டு முழுவதும் நேரும் பேரிடர்களுக்கு உரியது.

2024 நவம்பரில் தேசிய நிதியிலிருந்து 153.47 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஆனால் மாநில நிதி இருப்பின் பாதியைக் கழித்துக்கொண்டே அது வழங்கப்படும் என்ற நிபந்தனை இருந்தது. 2025 பிப்ரவரியில் 529.50 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக அளிக்கப்பட்டது. அதனை மார்ச் 31-க்குள் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. மறுசீரமைப்புக்கு 2,200 கோடி ரூபாய்க்கு மேல் தேவை என்று கேரளம் மதிப்பிட்டிருந்தது. 2025 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தொகை 260.56 கோடி ரூபாய்.

தமிழக வாசகர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, டிசம்பர் 12-ஆம் தேதியே முன்னறிவிப்பு அளிக்கப்பட்டதாக மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். பெய்த மழை கணிப்பை மிகவும் விஞ்சியது என்பது மாநில அரசின் பதிலாக இருந்தது. தேசியப் பேரிடர் கோரிக்கையும் அதற்கான மறுப்பும் அப்போதும் இடம்பெற்றன. தமிழகம் பின்னர் உச்ச நீதிமன்றத்தை நாடியது. வறட்சி நிவாரணத்துக்காகக் கர்நாடகமும் 2024-இல் அதே கதவைத் தட்டியது.

ஒரே வாதம், மூன்று மேடைகள்

2024 நவம்பரில் அசர்பைஜான் தலைநகர் பாகுவில் நடைபெற்ற ஐ.நா. காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டப்படும் என்ற முடிவை இந்தியா கடுமையாக எதிர்த்தது. புவியை வெப்பமாக்கியவர்கள் பணக்கார நாடுகள். பாதிப்பைச் சுமப்பவர்கள் ஏழை நாடுகள். எனவே உதவி கடனாக அன்றி உரிமையாக, போதிய அளவில் வர வேண்டும் என்பது இந்தியாவின் நெடுநாளைய நிலைப்பாடு. அதில் நியாயம் உண்டு.

அதே மாதத்தில் கேரளம் தில்லியிடம் முன்வைத்த வாதமும் ஏறத்தாழ இதுவே. பேரிடரின் காரணம் மாநில எல்லைக்கு அப்பாற்பட்டது; உதவி தாமதமாக, நிபந்தனையுடன், கடனாக வரக் கூடாது என்றது. வீடிழந்த மேப்பாடி ஊராட்சி மக்கள் திருவனந்தபுரத்திடம் கேட்டதும் அதுவே. மேல்மேடையில் ஏறும்போது நியாயமாக ஒலிக்கும் வாதம், கீழிருந்து தம்மை நோக்கி வரும்போது அரசுகளுக்கு அரசியலாகத் தோன்றுகிறது.

விடுபட்டுப் போன கேள்வி

இத்தனை வாதங்களுக்கிடையே கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. ஒரு சரிவின் கீழ் வாழும் மக்களை இன்றிரவு வெளியேற்றுங்கள் என்ற ஆணையை, எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்த பிறகு, யார் பிறப்பிக்க வேண்டும்?

புயலைப் பொறுத்தவரை இந்தியா இதற்கு விடை கண்டுள்ளது. 1999-ஆம் ஆண்டு பெரும் புயலில் ஒடிசாவில் சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். 2019-இல் ஃபானி புயலின்போது சுமார் 12 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு 64 ஆகக் குறைந்தது. புயலைப் பல நாள்களுக்கு முன்பே காண இயலும் என்பது ஒரு காரணம். எந்த அறிவிப்புக்கு எந்தக் கிராமம் எந்தப் புகலிடத்துக்குச் செல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது மற்றொரு காரணம்.

நிலச்சரிவு அவ்வளவு முன்னறிவிப்புடன் வருவதில்லை. எனவே வெளியேற்றும் ஆணைகளில் சில வீணாகவே போகும். மக்கள் ஒரு நாள் கூலியை இழந்து முகாமில் தங்கி, எதுவும் நேராமல் வீடு திரும்புவர். அந்த அதிருப்தியை ஏற்கத் துணியும் ஆட்சியருக்கும் ஊராட்சிக்கும் விதிகளின் பாதுகாப்பு தேவை. இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால் வெளியேற்றம் கட்டாயம் என்று எழுதி வைத்தால், அந்த முடிவு தனியொருவரின் துணிச்சலையோ தயக்கத்தையோ சார்ந்திராது. உள்ளூர் மழைமானியின் அளவும் அதிகாரப்பூர்வத் தகவலாக மாறும். வண்ண எச்சரிக்கை வந்ததா, வரவில்லையா என்ற வாதத்துக்கும் இடமிராது.

2020 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவில், லயன் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் பலியாயினர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் முண்டக்கையிலும் அதேபோன்று நள்ளிரவில், அதேபோன்ற மக்கள் பலியாயினர். நீலகிரிக்கும் இன்று நிலச்சரிவு முன்னறிவிப்பு வருகிறது. அது மாவட்ட நிர்வாகத்தின் மேசையிலிருந்து தோட்டக் குடியிருப்பின் கடைசி வீட்டுக்கு எத்தனை மணி நேரத்தில், யார் வழியாகச் செல்லும் என்பதை அடுத்த பருவமழைக்கு முன்பே கேட்டறிவது நல்லது.